பழைய சாக்ஸபோன் வாங்கப் போன பலசரக்கு வியாபாரி



நமது சங்க இதழில் நான் இதுவரை எழுதியதெல்லாம் புளி, மிளகாய் வற்றல், ஏலக்காய் பற்றித்தான். இந்த முறை சாக்ஸபோன் என்னும் ஊதுகிற வாத்தியத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சங்க நண்பர் ஒருவர், "அண்ணாச்சிக்கு அறுபது வயசுக்கு மேலே கச்சேரி ஆசை வந்துருச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். ஆசை ஒன்றுமில்லை. ஒரு நஷ்டம்தான் காரணம். அதுவும் என் பணப்பெட்டியில் விழுந்த நஷ்டமில்லை. என்னை நம்பி வந்த ஓர் இளைஞரின் தலையில் நான் ஏற்றி வைத்த நஷ்டம்.

சாக்ஸபோனுக்கும் பலசரக்குக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். நம்மிடம் கைமாற்றுக் கேட்டு வருபவர்களில் வாத்தியக்காரர்களும் உண்டு. முகூர்த்த மாதம் பிறக்குமுன் அவர்களுக்குப் பணம் தேவைப்படும். நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலரும் பள்ளிக்கூட பேண்டில் சேர்ந்து, வாத்தியம் வாங்கித் தரச் சொல்லி நிற்கிறார்கள். புதியது வாங்க நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று விலை சொன்னால், "பழையது ஏதாவது கிடைக்குமா பார்" என்பதுதான் வியாபாரியின் வாயில் முதலில் வருகிற வார்த்தை. அந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். நான் பட்டதைச் சொன்னால் நாலு பேருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

சின்னமனூர்ப் பக்கம் ஒரு நாதஸ்வரக் குடும்பம். எங்கள் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் அந்தக் குடும்பத்துப் பெரியவர்தான் நாயனம் வாசித்தார். அவருடைய மகன் நாதஸ்வரத்தோடு சாக்ஸபோனும் கற்றுக்கொண்டார். இரவல் வாத்தியத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர் 2017ஆம் வருடம் ஆடி மாதக் கடைசியில் என் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, ஆவணியில மூணு வரவேற்பு பேசியிருக்கேன். சொந்தமா ஒண்ணு இருந்தா வாடகை மிச்சமாகும். வெளியூர்ல ஒரு பழைய ஆல்டோ விலைக்கு இருக்காம். பணம் கொடுத்து உதவினா தை மாசத்துக்குள்ள அடைச்சுருவேன்" என்றார்.

பணம் கொடுத்ததோடு நான் நின்றிருந்தால் போதும். "தம்பி, நீ சின்னப் பையன், விலை பேசத் தெரியாது, நானும் வாரேன்" என்று கூடவே கிளம்பினேன். நாற்பது வருடமாகச் சரக்கு பார்த்த கண் என்ற தைரியம்.

கடையில் அந்த வாத்தியத்தைத் துணியை விலக்கிக் காட்டினார்கள். தங்கம் போல மின்னியது. கையில் தூக்கிப் பார்த்தேன், கனமாக இருந்தது. ஒடுக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. முப்பத்து நாலாயிரம் சொன்னார்கள். ஒரு மணி நேரம் பேரம் பேசி இருபத்தெட்டாயிரத்துக்கு இறக்கினேன். அதற்குள் தம்பி ஊதிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மேலே நல்லா இருக்கு. கீழ் ஸ்வரம் மட்டும் கொஞ்சம் அடைக்குது" என்றார். கடைக்காரர் உடனே, "அது ரீடு பழசு. புது ரீடு போட்டா சரியாப் போயிரும்" என்றார். நானும் அதற்குத் தலையாட்டி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி, கட்டச் சொல்லு" என்றேன். வாசிக்கிறவர் சொன்னதைத் தள்ளிவிட்டு, விற்கிறவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன். ஆறாயிரம் குறைத்த பெருமையில் எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை.

முதல் வரவேற்பு கம்பத்தில். புது ரீடு போட்டுத்தான் வாசித்தார். மெதுவாக வாசிக்க வேண்டிய இடத்தில் கீழ் ஸ்வரங்கள் பேசவில்லை. அழுத்தி ஊதினால் கிறீச்சென்று மேலே தாவியது. பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டு நாதஸ்வரத்தை எடுத்துச் சமாளித்திருக்கிறார். கல்யாண வீட்டார் பேசிய தொகையில் பாதிதான் கொடுத்தார்கள். மண்டபத்தில் இருந்தவர்கள் மூலம் செய்தி பரவி, மற்ற இரண்டு வீட்டாரும் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். வாத்தியக்காரருக்குப் பெயர்தான் முதல். அது ஒரே இரவில் போயிற்று.

அவர் என்னிடம் வந்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "வாத்தியத்துல ஏதோ கோளாறு அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது.

இந்த வாத்தியம் நம் மேடைக்கு வந்த விதம்

சாக்ஸபோனை உருவாக்கியவர் பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ். 1814இல் பிறந்தவர். பாரிஸில் பட்டறை வைத்து இந்த வாத்தியத்தைச் செய்து, 1846இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரே வாத்தியத்துக்கும் நிலைத்தது. பட்டாள பேண்டுகள் வழியாக நம் நாட்டுக்கும் வந்தது.

கர்நாடக சங்கீத மேடையில் இதை நிலைநாட்டியவர் கத்ரி கோபால்நாத் அவர்கள். மங்களூர்ப் பகுதிக்காரர். அவருடைய தகப்பனார் நாதஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோன் வாசிப்பதைக் கேட்டு, அதன் மேல் பற்றுக்கொண்டு கற்றவர். 1994இல் கே. பாலசந்தர் இயக்கிய 'டூயட்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் சாக்ஸபோன் வாசித்தவர் அவரே. அந்தப் படத்துக்குப் பிறகு நம் ஊர்க் கல்யாண வீட்டுக்காரர்களும் வரவேற்புக்குச் சாக்ஸபோன் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். 2004இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019 அக்டோபரில் காலமானார். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் நம் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. பாட்டுக் கேட்டுப் பழகிய காதுள்ள ஊர்கள் இவை. வாத்தியம் பிசகினால் பந்தியில் இருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளைகள் சாக்ஸபோனுக்குப் போவதற்குக் காரணம் உண்டு. இரண்டும் மேலே குறுகி, கீழே விரிந்த குழாய்தான். நாதஸ்வரத்துக்கு நாணல் சீவாளி போல, சாக்ஸபோனுக்கும் நாணலில் சீவிய ரீடு உண்டு. உடம்பு பித்தளையாக இருந்தாலும், ரீடு வைத்து ஊதுவதால் இதைப் புல்லாங்குழல், கிளாரினெட் இனத்தில்தான் சேர்க்கிறார்கள்.

வித்தியாசம் ஓர் இடத்தில் இருக்கிறது. நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளை ஏழு. விரலே மூடி. சாக்ஸபோனில் இருபதுக்கும் மேற்பட்ட துளைகள். பெரிய துளைகளை விரலால் மூட முடியாது. ஆகையால் ஒவ்வொரு துளைக்கும் ஒரு மூடி, மூடிக்குள் கம்பளித் துணியின் மேல் தோல் போர்த்திய 'பேடு', அதை இயக்க கம்பி, ஸ்பிரிங், திருகு என்று ஒரு கடிகாரம் போல அமைத்திருக்கிறார்கள். பழைய சாக்ஸபோனின் நல்லது கெட்டது முக்கால்வாசி இந்த மூடிகளில்தான் இருக்கிறது. நான் பார்த்தது குழாயின் பளபளப்பை. தம்பிக்குக் குழி பறித்தது மூடிகள்.

மதுரையில் கற்ற பாடம்

கம்பத்தில் நடந்ததற்குப் பிறகு, மதுரையில் பேண்டு வாத்தியங்கள் பழுது பார்க்கும் ஒரு பாயிடம் இருவரும் போனோம். வயதானவர், அனுபவஸ்தர். வாத்தியத்தை வாங்கி ஊதிக்கூடப் பார்க்கவில்லை. கடைக் கதவைச் சாத்தி இருட்டாக்கினார். நீள ஒயரில் கட்டிய சின்ன விளக்கை மேல்வாய் வழியாக உள்ளே இறக்கினார். ஒவ்வொரு கீயையும் மெதுவாக மூடச் சொன்னார். நன்றாக மூடினால் வெளிச்சம் வெளியே வரக்கூடாது. தகரக் கூரையில் ஆணி ஓட்டை வழியாக வெயில் வருவது போல ஒன்பது இடத்தில் வெளிச்சம் கசிந்தது.

"அண்ணாச்சி, ஏலக்காய் வாங்கும்போது நிறத்தைப் பாத்தா வாங்குவீக?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாயில்லை. போடிநாயக்கனூர் ஏலத்தில் மாதிரிக் காயைக் கையில் எடுத்தால், நசுக்கி, வாசம் பார்த்து, லிட்டர் எடை கேட்டு, ஈரம் பார்த்து, சாயம் ஏறியிருக்கிறதா என்று விரலில் தேய்த்து, அதற்குப் பிறகுதான் விலைக்கு வாய் திறப்போம். அந்தப் பழக்கத்தை ஊருக்குள்ளேயே வைத்துவிட்டு வாத்தியக் கடைக்குப் போயிருக்கிறேன்.

அன்றைக்கும், பிறகு இன்னொரு வாத்தியம் பார்த்து வாங்கப் போனபோதும், பாய் காட்டிக் கொடுத்தவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. பளபளப்பை நம்ப வேண்டாம். வார்னிஷ் உதிர்ந்து அங்கங்கே பித்தளை கறுத்திருந்தால் அது குறையில்லை. நாள்பட்ட உழைப்பின் அடையாளம், அவ்வளவுதான். பழைய வாத்தியம் புதிது போல மின்னினால்தான் யோசிக்க வேண்டும். தேய்த்து மெருகு ஏற்றி மறுபடி வார்னிஷ் அடித்திருக்கலாம். பெல் மேல் உள்ள பூவேலையையும், பின்புறத்து வரிசை எண்ணையும் விரலால் தடவிப் பாருங்கள். வெட்டு கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருந்தால் நிறையத் தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். தேய்த்த அளவுக்குத் தகடும் மெலிந்திருக்கும். தரம் குறைந்த ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றுவது போன்ற வேலைதான் இது.

2. நெக்கைத் தனியாகக் கழற்றிப் பாருங்கள். வாய் வைக்கும் பக்கத்து வளைந்த சிறு குழாய்க்கு நெக் என்று பெயர். அவசரமாகப் பூட்டுகிறவர்கள் அதை அமுக்கி அமுக்கி, வளைவு கீழே தாழ்ந்துவிடும். பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தெரியும். குழாய் உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாகியிருக்கும். அடிப்பக்கத்தில் சுருக்கம் விழுந்திருக்கும். இப்படி வளைந்தால் சுருதியும் கெடும், காற்றும் தடைபடும். அடுத்து, நெக்கை உடலில் சொருகித் திருகை முடுக்கி லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆடக்கூடாது. பிறகு அதைக் கழற்றி, மேலே உள்ள சிறு துளை மூடியிருக்கும்படி செய்து, ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து மறுமுனையில் உறிஞ்சிப் பாருங்கள். காற்று நுழையாமல் உள்ளங்கையைக் கவ்விப் பிடிக்க வேண்டும். இந்த இடத்தில் கசிந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

3. கீழே விழுந்த வாத்தியமா என்று பாருங்கள். மரப் பலகை வாங்கும்போது ஒரு முனையில் கண்ணை வைத்து நேராக இருக்கிறதா என்று பார்ப்போமே, அதுபோல உடல் குழாயைப் பாருங்கள். பெல்லையும் உடலையும் இணைக்கும் வளையம் ஒன்று உண்டு. அதன் கால் பதிந்திருக்கும் இடத்தில் தகடு உள்ளே அமுங்கியிருந்தால், வாத்தியம் விழுந்து அடிபட்டிருக்கிறது. பெல் ஓரத்தில் சிறு ஒடுக்கு இருந்தால் பயமில்லை. துளையின் விளிம்புக்குப் பக்கத்தில் ஒடுக்கு இருந்தால் மூடி சரியாக உட்காராது. உடலே வளைந்திருந்தால் கம்பிகள் இறுகி, கீகள் அமுங்கிய இடத்திலேயே நின்றுவிடும்.

4. பற்றவைத்த இடங்களைப் பாருங்கள். கம்பங்களின் அடியில் சாம்பல் நிறத்தில் ஈயம் கட்டி கட்டியாக வழிந்திருந்தால், தெரியாதவர் கை வைத்திருக்கிறார். பச்சை பூத்திருந்தால் துடைத்துவிடலாம். ஆனால் நெக்கிலும் மேல் பாகத்திலும் இளஞ்சிவப்பாகப் புள்ளி புள்ளியாக இருந்தால் எச்சரிக்கை. வியர்வையும் எச்சிலும் சேர்ந்து பித்தளையில் உள்ள துத்தநாகத்தை அரித்து, செம்பு மட்டும் மிஞ்சிய இடம் அது. நாளடைவில் ஓட்டை விழும்.

5. பேடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தோல் மெத்தென்று இருக்க வேண்டும். கருகல் போல விறைத்திருந்தாலோ, ஓரம் கிழிந்திருந்தாலோ, பூச்சி அரித்திருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். உள்ளே இருப்பது கம்பளி. பருப்பு மூட்டைக்கு வண்டு போல இதற்கும் பூச்சி உண்டு. பெட்டியைத் திறந்ததும் பூஞ்சை வாடை வந்தால் பேடுகள் ஈரம் குடித்திருக்கின்றன. விளக்கு இல்லாவிட்டால் சிகரெட் சுற்றும் மெல்லிய தாளை நீளமாகக் கிழித்து, பேடுக்கும் துளை விளிம்புக்கும் நடுவில் வைத்து, கீயை மெதுவாக அமுக்கித் தாளை இழுங்கள். சுற்றிலும் நாலு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே கசிவு.

6. கீகளை ஆட்டிப் பாருங்கள். மூடியை இரு விரலில் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் கடகடவென்று ஆடக்கூடாது. ஆடினால் கம்பியும் அச்சும் தேய்ந்துவிட்டன. இன்றைக்குச் சரியாக மூடினாலும் நாளைக்கு இடம் மாறி உட்காரும். ஸ்பிரிங் ஊசிகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள். எங்கேயாவது ரப்பர் பேண்டு மாட்டியிருந்தால், அங்கே ஸ்பிரிங் ஒடிந்துவிட்டது. சில மூடிகள் சும்மா இருக்கும்போதே மூடியிருக்கும். அவை எச்சில் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். இது சிறு குறைதான், துடைத்தால் போகும்.

7. ஆக்டேவ் கீயைச் சோதியுங்கள். மேல் ஸ்தாயிக்குப் போக இடது கட்டைவிரலால் அமுக்கும் கீ இது. இதற்கு நெக்கில் ஒன்று, உடலில் ஒன்று என்று இரண்டு சிறு துளைகள். ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் திறந்தாலும், திறக்காமல் நின்றாலும் சரி செய்தாக வேண்டும்.

8. கடைசியாகத்தான் ஊதல். அதையும் வாசிக்கத் தெரிந்தவர், தமக்குப் பழகிய மவுத் பீஸ், தமக்குப் பழகிய ரீடு வைத்து ஊத வேண்டும். அப்போதுதான் "ரீடு பழசு" என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. மேலிருந்து கீழாக ஒவ்வொரு ஸ்வரமாக இறங்கி வர வேண்டும். கீழ் ஸ்வரத்துக்கு மேலே உள்ள மூடிகளெல்லாம் அடைபட வேண்டும். மேலே எந்த மூடி கசிந்தாலும் பாதிப்பு கீழேதான் தெரியும். கால்வாயில் தலைமடை உடைந்தால் கடைமடை காய்வது போல. அடி ஸ்வரங்களை மெதுவாக ஊதிப் பார்ப்பதே பெரிய சோதனை. பலமாக ஊதினால்தான் வரும், விரலை நசுக்கி அமுக்கினால்தான் வரும் என்றால் வாத்தியம் கசிகிறது. தம்பி அன்றைக்குச் சொன்னதும் அதைத்தான். சுருதிப் பெட்டியையோ, செல்போனில் உள்ள சுருதி காட்டும் வசதியையோ வைத்து மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் ஒத்துப் போகிறதா என்றும் பாருங்கள்.

மிகப் பழைய அமெரிக்க வாத்தியம் யாராவது கொண்டு வந்தால் இன்னொன்றையும் கவனிக்கவும். 1920களுக்கு முற்பட்ட சிலவற்றில் 'எச்.பி.' என்று பொறித்திருக்கும். அது அந்தக் காலத்து உயர்ந்த சுருதிக்குச் செய்தது. இக்காலத்து வாத்தியங்களோடு சேராது. சுவரில் மாட்டி வைக்கத்தான் ஆகும்.

அடக்க விலை போடுங்கள்

இனி நமக்குத் தெரிந்த பாடத்துக்கு வருவோம். சரக்குக்குச் சொன்ன விலையோடு லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்து அடக்கம் போட்டுத்தான் நாம் லாபம் பார்ப்போம். பழைய வாத்தியத்துக்கும் அப்படியே. கேட்கும் விலை, பழுது பார்க்கும் செலவு, மவுத் பீஸ், ரீடு, கழுத்து வார், பெட்டி ஆகிய துணைச் சாமான்களின் விலை. இத்தனையும் சேர்த்ததுதான் அடக்கம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு நிற்கக்கூடாது.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். வாத்தியம் 28,000. எல்லாப் பேடுகளையும் மாற்றி, நெக்கை நிமிர்த்தி, இரண்டு ஸ்பிரிங் போட்டுத் தர 13,500 ஆகும் என்று பாய் சொன்னார். ஆக 41,500. அதே மாதிரி வாத்தியம், பழுதில்லாமல், அதே பாயின் கடையில் 32,000க்கு இருந்தது. ஆறாயிரம் குறைத்தேன் என்று மார்தட்டிய நான், ஒன்பதாயிரத்து ஐந்நூறு அதிகம் கொடுத்து வாங்கியிருக்கிறேன். கம்பத்தில் குறைந்த தொகையும், போன இரண்டு வரவேற்பும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆகவே பேரம் பேசுமுன் பழுதுச் செலவை எழுதி வாங்குங்கள். தெரிந்த ரிப்பேர்காரர் ஒருவருக்குப் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுத்து உடன் அழைத்துச் செல்லுங்கள். ஐந்நூறு, ஆயிரம் செலவாகும். அதை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் நான் கெட்டேன். எல்லாப் பேடும் மாற்ற வேண்டிய வாத்தியம் என்றாலும், உடலும் நெக்கும் அடிபடாமல், விலை அதற்கேற்பக் குறைவாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். பேடு தேய்மானச் சாமான், லாரிக்கு டயர் போல. உடல் வளைந்தது, தகடு அரித்தது, கம்பிகள் தேய்ந்தது ஆகியவை இருந்தால் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

யமஹா போன்ற ஜப்பான் வாத்தியங்கள் பழையதானாலும் விலை நிற்கும். உதிரிச் சாமானும் கிடைக்கும். நம் நாட்டில் பேண்டு வாத்தியங்கள் செய்வதற்கு உத்தரப் பிரதேசத்து மீரட் நகரம் பெயர் பெற்றது. விலை குறைவு. ஆனால் எந்த ஊர் வாத்தியமானாலும் சோதனை ஒன்றுதான். பெட்டியின் மேல் உள்ள பெயர் ஒன்றும், வாத்தியத்தின் மேல் உள்ள பெயர் ஒன்றுமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். வரிசை எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் எந்த விலைக்கும் தொட வேண்டாம். பள்ளிக்கூடத்திலிருந்தோ, பேண்டு செட்டிலிருந்தோ களவு போனதாக இருக்கலாம். முடிந்தால் முன்பணம் கொடுத்து மூன்று நாள் வைத்து வாசித்துப் பார்க்கக் கேளுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் இதற்குத் தயங்குவது குறைவு.

வாங்கிய பின் காப்பாற்றுவதும் முக்கியம். வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தைத் துடைக்க வேண்டும். ரீடைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவிட்டு மண்டபத்தில் சாப்பிட உட்காரக்கூடாது. பேடை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். நெக்கில் உள்ள கார்க்குக்கு அதற்கென்று விற்கும் பசையைத் தடவ வேண்டும். மலைப்பக்கத்து மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து காற்றாட வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

முடிவாக

அந்த முதல் வாத்தியத்தைப் பாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்து, பள்ளிப் பிள்ளை ஒருவருக்குக் குறையைச் சொல்லியே விற்றுக் கொடுத்தார். 17,000 கிடைத்தது. 2018 தை மாதம் தம்பிக்கு வேறொன்று பார்த்தோம். நிறம் மங்கியது. பெல்லில் ஒரு ஒடுக்கு. பார்வைக்கு ஒன்றுமில்லை. பாய் விளக்கு விட்டுப் பார்த்தார். இரண்டு இடத்தில் மட்டும் கசிவு. தம்பி முக்கால் மணி நேரம் ஊதினார். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து வாயைத் திறக்கவில்லை. "அண்ணாச்சி, கீழ் ஸ்வரம் மூச்சு விட்டாலே பேசுது" என்று அவர் சொன்ன பிறகுதான் பையில் கைவிட்டேன்.

முதல் வாத்தியத்துக்குக் கொடுத்த பணத்தில் விற்ற தொகை போக மீதி பதினோராயிரத்தை நான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை. "வாங்குனது நான்தானே அண்ணாச்சி" என்றார். வட்டி வேண்டாம் என்று சொன்னதை மட்டும் ஏற்றுக்கொண்டார். இரண்டு வருடத்தில் முழுப் பணத்தையும் அடைத்தார். அவர் அடைத்துவிட்டார் என்பதால் என் தவறு இல்லையென்று ஆகிவிடாது. என் வீட்டுப் பேத்தி கல்யாணத்துக்கு அவர்தான் வாசித்தார். காலையில் தாலி கட்டும்போது நாதஸ்வரம், மாலை வரவேற்பில் அந்த மங்கிய சாக்ஸபோன்.

வணிகச் சகோதரர்களே, நமக்குக் கண் இருக்கிறது. ஆனால் நமக்குப் பழகிய சரக்கின் மேல்தான் அந்தக் கண் வேலை செய்யும். பழகாத பொருளை வாங்கப் போகும்போது அதைக் கையாளுகிறவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கடையில் பழைய பிரீசர் வாங்கினாலும், மாவு அரைக்கும் இயந்திரம் வாங்கினாலும், எலக்ட்ரானிக் தராசு வாங்கினாலும் இதே விதிதான். அடுத்தவருக்காக வாங்கப் போகும்போது இன்னும் ஒரு மடங்கு கவனம் வேண்டும். நாம் தப்பாக வாங்கினால் நம் பணம் போகும். அவருக்காகத் தப்பாக வாங்கினால் அவர் பிழைப்பு போகும்.

யாராவது வாத்தியக்காரத் தம்பி கைமாற்றுக்கு வந்தால் இந்த இதழை எடுத்துக் கையில் கொடுங்கள். பணத்தோடு இதுவும் அவருக்கு உதவும்.